மூலையை மட்டும் கழுவ விடாதே

நைனா,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. நலம் விசாரிப்பில் ஆரம்பித்தால் நீ அந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடுவாய் என்று தெரியும். அதனால் நானே குதித்துவிடுகிறேன். உன் அம்மா அதை அடுப்புக்கு முன்னால் நின்றபடி இரண்டு தரம் படித்தாள். மீன் குழம்பு அடிப்பிடித்தது. "புள்ள வேலைக்குப் போயி ரெண்டே மாசத்துல எம்மாம் பெரிய பொறுப்பு குட்த்துகீறாங்க" என்று கருகிய குழம்பையே பெருமையோடு ஊற்றினாள். நானும் பெருமையோடு சாப்பிட்டேன். புது மிருகப் பூங்காவில் கம்பி இல்லாத ஒரு திறந்தவெளி. அதில் எந்தெந்த மிருகத்தைச் சேர்த்து விடலாம் என்று பொறுக்குகிற வேலை உன்னுடையது. நான்கு ஜாதியைப் பொறுக்கிவிட்டாய். மூன்று வாரமாக அவை ஒன்றாக மேய்கின்றன. படிக்கப் படிக்க எனக்கு மீசை தானாக முறுக்கிக்கொண்டது. கடைசிப் பக்கத்தில், பேனாவில் மை தீர்ந்துபோகிற இடத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறாய்: "திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருவதால் முதல் நாள் அந்த இடம் முழுவதையும் பினாயில் போட்டுக் கழுவி, வெள்ளை அடித்து, மிருகங்களையும் குளிப்பாட்டச் சொல்லியிருக்கிறார்கள்." அதைப் படித்ததும் என் மீசை இறங்கிவிட்டது. விழாவுக்கு இன்றிலிருந்து பன்னிரண்டு நாள். இந்தக் கடிதம் நான்கு நாளில் வந்துவிடும். எட்டு நாள் உனக்கு இருக்கிறது. ஒரே மூச்சில் படி.

முதலில் ஒரு நிபந்தனை. நான் எழுத உட்கார்ந்ததும் உன் அம்மா எட்டிப் பார்த்து, "மான வெச்சி புருஷன் பொஞ்சாதிக்குப் பாடம் எட்த்த, இத்த நான் போஸ்ட்டுல போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற சமயத்தில் நான் அப்படித்தான் எழுதுவேன் என்று அவளுக்குத் தெரியும். எனவே இந்தக் கடிதத்தில் மான் என்றால் மான். மயில் என்றால் மயில். வேறு யாரையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. முள்ளம்பன்றி வரும்போது மட்டும் உன் பெரிய மாமாவின் ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

இரண்டாவது, ஒரு பொய்யை வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. "எங்க நைனா சின்ன வயசுல ராயபுரத்து மிருகக் கிடங்குல வேலை பார்த்தவர். மேலதிகாரியோட ஒத்துப்போகாம, மானம்தான் பெரிசுன்னு வேலைய உதறிட்டு வந்தவர்" என்று நீ பள்ளிக்கூட நாளிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாய். சொல்லிக் கொடுத்தவன் நான்தான். நைனா, நான் எதையும் உதறவில்லை. என்னைத்தான் உதறினார்கள். மானத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, மானுக்குத்தான் சம்பந்தம்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்குப் பதினெட்டு வயது. துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம், நிலக்கரித் தூள் பறக்கிற ஒரு தெருக்கோடியில், மிருகங்களைக் கப்பலேற்றுகிற ஒரு கம்பெனியின் கிடங்கு இருந்தது. எங்கெங்கிருந்தோ ரயிலில் வருகிற மிருகங்கள் கப்பல் வரும்வரை அங்கே காத்திருக்கும். மயில் அகவினால் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதும். சங்கு ஊதினால் மயில் திருப்பி அகவும். எது எதைக் கேலி செய்கிறது என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் ஊற்றுவதும் பெருக்குவதும் என் வேலை. அதைத் தவிர மற்ற எல்லாம் செய்தேன். அங்கே என் பெயரே 'வாலு'. எங்கள் சூப்பர்வைசருக்கு வெள்ளை அடிப்பதில் ஒரு தீராத ஆசை. சுவர், மரத்தடி, தீனித் தொட்டி, வழியில் கிடக்கிற கல், எதையும் விடமாட்டார். அவருக்கு நான் 'சுண்ணாம்பு சார்' என்று பெயர் வைத்தேன். ஒரு நாள் காலிக் கூண்டு ஒன்றில், "சுண்ணாம்பு. வயது ஐம்பது. தீனி: வெற்றிலை. அருகில் போகாதீர், உறுமும்" என்று பலகை எழுதி மாட்டினேன். அதைப் படித்துவிட்டு அவர் உறுமினார். பலகை சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது என்று ருசுவாயிற்று.

அந்தக் கிடங்கில் மிருகங்களைப் பார்த்துக்கொண்டவர் காசிம் பாய். நாற்பது வயதிருக்கும், வண்ணாரப்பேட்டைக்காரர். இருபது வருஷமாகக் கூண்டுகளைக் கப்பலில் ஏற்றி, கட்டி, தண்ணீர் காட்டிவிட்டு, பலகை வழியாக இறங்கி வந்துவிடுவார். கப்பல் போய்விடும். "கப்பல் நகரச் சொல்ல கால்ல இன்னா பண்ணும்னு எனுக்குத் தெர்யாதுடா வாலு" என்று ஒருமுறை சொன்னார். "நகர்றதுக்குள்ள எறக்கி வுட்டுர்றானுங்க." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று நான் அவரைக் கேலி செய்யவில்லை. அதிலிருந்தே நீ விஷயத்தின் கனத்தைப் புரிந்துகொள்ளலாம்.

அந்த வருஷம் கடல் தாண்டி ஒரு மிருகக்காட்சிசாலையிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. உன் பூங்கா மாதிரியேதான்: கம்பி இல்லாத ஒரு வெளி, அதில் நம் நாட்டு மிருகம் நான்கு ஜாதி, எல்லாம் ஒன்றாக. அவர்களுடைய ஆள் ஒருவர் நேரில் வந்து ஒரு பொழுது உட்கார்ந்து பார்ப்பார். நான்கும் ஒரே பட்டியில் சண்டையில்லாமல் இருந்தால் வாங்கிக்கொள்வார்; இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம். பொறுக்குகிற வேலையைக் கம்பெனி காசிம் பாயிடம் கொடுத்தது. ஆர்டர் தேறினால் கூடவே கப்பலில் போய், அங்கே அவற்றைப் பழக்கிக் கொடுத்துவிட்டு வரலாம் என்றும் சொன்னது. அன்று காசிம் பாய் தன் கால்களை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

கையிருப்பில் ஏழு ஜாதி. நீயும் இப்படித்தான் பொறுக்கியிருப்பாய், இருந்தாலும் கேள். நான் என்ன நினைத்தேன் என்றால், சாதுவான மிருகங்களைச் சேர்த்தால் முடிந்தது என்று. காசிம் பாய் அப்படிப் பார்க்கவில்லை. "சாது, சண்டியர்லாம் அப்பறம். எது எப்ப துன்னுது, எங்க படுக்குது, எத்தப் பாத்து முறைக்குது, அத்தச் சொல்லு" என்றார். இரண்டு பேர் ஒரே பொருளை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கேட்டால்தான் சண்டை. நாங்கள் ஒரு வாரம் எதையும் கலக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தோம். வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பதே வேலை என்பதால் அந்த வாரம் என்னைப் போல் உழைத்தவன் கிடையாது.

குரங்கு முதல் நாளே கழிந்தது. மான் முதுகில் ஏறி உட்கார்ந்து சவாரி போனது. கீழே இறங்க மனமில்லை. அதற்குக் கோபம் ஒன்றும் கிடையாது, விளையாட்டுதான். ஆனால் விளையாட்டு ஒருவருக்கு மட்டும் விளையாட்டாக இருந்தால் அது மற்றவருக்கு உபத்திரவம் என்று காசிம் பாய் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீலகாய், குதிரை உயரத்துக்கு ஒரு மான் ஜாதி, ஆணாகப் பார்த்து எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. தொட்டிக்கு முன்னால் நின்றால் மற்றவர்களுக்குத் தொட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதுவும் போயிற்று. முள்ளம்பன்றி பகலெல்லாம் தூங்கும், பொழுது சாய்ந்தால் எழுந்து கலகலவென்று முள்ளை ஆட்டிக்கொண்டு ஊர்வலம் போகும். யாரையும் குத்தாது, யாரையும் தூங்கவும் விடாது. (மாமாவை நினைக்காதே.) மிஞ்சியவை நான்கு: திருகிய கொம்புள்ள திருகுமான், புள்ளிமான், மயில், ஆளுயரத்துக்கு நிற்கிற சாரசக் கொக்கு ஒரு ஜோடி. திருகுமானுக்கு வெயில் பிடிக்கும், புள்ளிமானுக்கு நிழல். மயில் மரத்தில் படுக்கும். கொக்கு தண்ணீர்த் தொட்டி ஓரம். முட்டையிடுகிற காலம் தவிர்த்துக் கொக்கு யாரையும் கொத்தாது. ஆண் மான் ஜாதிக்கு ஒன்றுதான், இரண்டாவது கூடாது. தீனித் தொட்டி தலைக்கு ஒன்று வைத்து அதற்கு மேல் ஒன்று கூடுதல். பட்டியின் நடுவே கதவு வைத்த ஒரு பலகைத் தடுப்பு. அதில் பெண் மான் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து, கொம்புள்ளது நுழைய முடியாது. "ஓட வழி இருந்தா ஓடவே மாட்டாங்க" என்பார்.

இங்கேதான் உன் அம்மா வருகிறாள். கன்னியம்மா என்று ஒரு பெண் தினம் தண்டையார்பேட்டையிலிருந்து புல்லுக்கட்டு கொண்டுவருவாள். போகும்போது கிடங்கின் குப்பையை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கீரைப் பாத்திக்குப் போடுவாள். என்னைவிட ஒரு வயது சின்னவள், என்னைவிடப் பத்து மடங்கு வாய். கலப்பதற்கு முன்னால் சாக்கு மாற்ற வேண்டும் என்று காசிம் பாய்க்குச் சொன்னதே அவள்தான். அவள் வீட்டில் புதிதாக வாங்கி வந்த ஆட்டைப் பழைய ஆடுகள் முட்டாமலிருக்க அப்படிச் செய்வார்களாம். இவன் படுத்த சாக்கை அவனுக்கு, அவன் படுத்த சாக்கை இவனுக்கு; ஒருவர் வாசனை மற்றவருக்குப் பழகிவிடும். பத்து நாள் சாக்கு மாறிற்று. பதினோராவது நாள் கதவைத் திறந்தபோது நான்கு ஜாதியும் ஒன்றை ஒன்று ஏற்கெனவே தெரிந்தது போலத் திரும்பிப் பார்த்துவிட்டு அவரவர் தீனிக்குப் போய்விட்டன. நான் ரகளையை எதிர்பார்த்துச் சுவர் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். ஏமாற்றமாகப் போய்விட்டது.

அப்புறம் அந்த மூலை. ஆண் திருகுமானுக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை, அவ்வளவு மிடுக்கு. மாப்பிள்ளை வந்த இரண்டாம் நாளிலிருந்து பட்டியின் கிழக்கு மூலையில் ஒரே இடத்தில்தான் புழுக்கை போடுவான். வேறெங்கும் போடமாட்டான். அது ஒரு சின்னக் கோபுரம் மாதிரி உயர்ந்துகொண்டே போயிற்று. காசிம் பாய் கரியால் தரையில் ஒரு கோடு போட்டார். "டேய் வாலு, இதுக்கு அந்தாண்ட தொடப்பம் போவக் கூடாது. இது அவன் கையெழுத்துப் போட்ட எடம். 'இதுவரிக்கும் என்து, அதுக்கு மேல யார் வேணா இருந்துக்கோ'ன்னு எழ்தி வெச்சிகீறான். அத்த அழிச்சா எது யார்துன்னு அவனுக்குத் தெர்யாது." கேட்டேன். இந்தக் காதால்தான் கேட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அந்த வெளிநாட்டு ஆள் வருவதாக ஏற்பாடு. துறைமுகப் பக்கத்து ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அன்று கழுவாத இரும்பு கிடையாது, பொட்டு வைக்காத சக்கரம் கிடையாது. சுண்ணாம்பு சாருக்கோ வருஷத்தில் ஒரே பெருநாள். விடிந்ததிலிருந்து சுவர் சுவராக வெள்ளை. வாசலில் வாழைக்கன்று கட்டுவதில் காசிம் பாயை மிஞ்ச ஆளில்லை என்பதால் அவர் அங்கே நின்றார். "பட்டியக் கழுவு. மூலைய வுட்டுடு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். கழுவினேன். கரிக்கோடு வரை வந்தேன். அந்தக் கோடு என்னைப் பார்த்தது, நானும் கோட்டைப் பார்த்தேன். கிரேனுக்குப் பூஜை, கைவண்டிக்குப் பூஜை, கத்தரிக்கோலுக்குப் பூஜை; மாப்பிள்ளையின் கக்கூஸுக்கு மட்டும் பூஜை இல்லையா என்று தோன்றிவிட்டது. அவ்வளவுதான் நைனா. வேறு காரணம் இல்லை. காசிம் பாய் வந்து பார்த்துத் துள்ளிக் குதிப்பார், கன்னியம்மா சிரிப்பாள், இவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

புழுக்கைக் கோபுரத்தை அள்ளிக் கன்னியம்மாவின் கூடையில் கொட்டினேன். அவள் மற்ற குப்பையென்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த இடத்தைப் பினாயில் போட்டுத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் நட்டு வைத்தேன். அதோடு விட்டேனா? தீனி காட்டி மாப்பிள்ளையைக் கிட்டே கூப்பிட்டு, நெற்றியிலும் கழுத்திலும் சந்தனத்தை அப்பி, பூஜைக்கு வைத்திருந்த பன்னீர்ச் செம்பை அவன் முதுகில் கவிழ்த்தேன். மாப்பிள்ளை நிஜமாகவே மாப்பிள்ளையாகிவிட்டான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மாப்பிள்ளை தன் பெண் மான்களிடம் போனான். அவை மோந்து பார்த்துவிட்டு விலகி ஓடின. மறுபடி போனான், மறுபடி ஓடின. மூலைக்கு வந்தான், மோந்தான், தும்மினான். எலுமிச்சம்பழத்தை முட்டினான். பிறகு பட்டி முழுவதும் சுற்றிச் சுற்றி வந்தான், வீட்டு இலக்கத்தைத் தொலைத்த தபால்காரன் மாதிரி. கடைசியில் புள்ளிமானின் நிழல் மரத்தடியில் போய்ப் புழுக்கை போட்டான். புள்ளிமான் எழுந்து நின்றது. அவ்வளவுதான், மாப்பிள்ளை பாய்ந்துவிட்டான். புள்ளிமானுக்கு அப்போது புதுக் கொம்பு முளைத்து, மேலே வெல்வெட் மாதிரி மெல்லிய தோல் மூடியிருந்த நேரம். அந்தத் தோலில் ஒரு கீறல் போதும், ரத்தம் கொட்டும். கொட்டியது. காலையில் அடித்த வெள்ளைச் சுவர் முழுக்கச் சிவப்பு. கொக்கு இரண்டும் அலறின, மயில் கூரைக்குப் போயிற்று. காசிம் பாய் வாழை நாரைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து தடுப்புக் கதவைச் சாத்தி இரண்டையும் பிரித்தார். அவர் ஓடிய ஓட்டத்தில் மூலை பக்கம் திரும்பக்கூட இல்லை, மாப்பிள்ளை மேல் இருந்த சந்தனத்தையும் கவனிக்கவில்லை.

காயம் பெரிதில்லை, மஞ்சள் வைத்ததும் நின்றுவிட்டது. ஆனால் சுண்ணாம்பு சார் சுவரைப் பார்த்தார். "இதுதான் நீ பொறுக்கின லட்சணமா? இந்த ஜாதியெல்லாம் ஒண்ணா இருக்காதுன்னு அப்பவே எனக்குத் தெரியும். நாளைக்கு அந்த ஆள் வந்தா ஆர்டர் இல்லைன்னு நானே சொல்லிடறேன். நீ இனிமே பட்டிப் பக்கம் வராதே" என்றார். காசிம் பாய், "இல்ல சார், மூணு வாரமா அண்ணன் தம்பியாட்டம் இருந்ததுங்க, எங்கயோ இன்னாவோ தப்பு நடந்துகீது" என்றார். "தப்பு நடக்கலே. தப்பான ஆளு பொறுக்கியிருக்கான்" என்றார் அவர். காசிம் பாய் வாசலுக்குப் போய், தான் கட்டிய வாழைக்கன்றின் கீழே உட்கார்ந்துகொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எப்போதும் மூடாத வாய், அன்றைக்கென்று மூடிக்கொண்டது. நைனா, நான் இந்தக் கடிதம் எழுதுவதே இந்த ஒரு வரிக்காகத்தான்.

மறுநாள் விடியற்காலை கன்னியம்மா புல்லுக்கட்டை இறக்கினாள். தடுப்புக்குள் தனியாக நின்ற மாப்பிள்ளைக்குப் புல் நீட்டினாள். மூக்கைச் சுளித்தாள்.

"யோவ், இன்னாயா இது, மான் மேல கல்யாண வூட்டு வாசன வர்து?"

"பூஜை நாள் இல்ல? காத்துல வந்திருக்கும்."

"காத்து வந்து சந்தனம் பூசிட்டுப் போச்சா? கய்த்துல அஞ்சு வெரலும் கீது பாரு." என் கையைப் பிடித்து அந்தச் சந்தனத் தடத்தின் மேல் வைத்தாள். சரியாகப் பொருந்திற்று. பிறகு மூலையைப் பார்த்தாள், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள், தன் கூடையைப் பார்த்தாள். "அடப்பாவி. நேத்து என் கூடைல பாரமா இருந்தது அதானா? பாய் ஒண்ணரை மாசமாக் கட்டின வூட்ட ஒரு செம்புப் பன்னீர்ல கரைச்சிட்டியே!"

"இப்ப இன்னா பண்றது?"

"மொதல்ல போயி பாய் கைல சொல்லு."

"சொல்றேன். சரி பண்ணிட்டுச் சொல்றேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இருபத்தைந்து வருஷமாக அதே பார்வையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் கூடையை எடுத்தாள். "சாணிய நான் இன்னும் பாத்தில பரப்பல. ஓரமாத்தான் கொட்டி வெச்சிகீறேன். வண்டிய எடு." நல்ல வேளையாக அந்த மூன்று வாரம் அவை படுத்திருந்த சாக்குகளும் துவைக்கப் போட்டு, பூஜை விடுமுறையில் யாரும் துவைக்காமல் கொட்டடியில் கிடந்தன. "அதுங்க மறக்கலய்யா," என்றாள், "வாசனதான் அதுங்களுக்கு மூஞ்சி, அது மாறிப்போச்சி. பழைய மூஞ்சியத் திருப்பிக் குடுத்தா போதும்."

தண்டையார்பேட்டைக்குக் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். முதல் நாள் பூஜை போட்ட வண்டி. நெற்றியில் பொட்டும், இரண்டு பக்கமும் வாழைக்கன்றும், மாவிலைத் தோரணமும் அப்படியே இருந்தன. திரும்பும்போது நடுவில் கூடை நிறையப் புழுக்கை. வழி நெடுக ஜனங்கள். "இன்னா நைனா, பிரசாதமா? எங்களுக்கு இல்லியா?" என்று ஒரு கடைக்காரர் கையை நீட்டினார். "மாப்ள வூட்டுச் சீர் அண்ணே, வெளிய குடுக்கக் கூடாது" என்றேன். பின்னால் தள்ளிக்கொண்டு வந்த கன்னியம்மா வண்டியை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தனை சங்கடத்திலும் அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையின் பலன்தான் நீ. (நிபந்தனையை மீறவில்லை. இதில் மானே இல்லை.)

ஈரச் சாக்கால் மாப்பிள்ளையைத் துடைத்தோம். அவன் எனக்குத் தொடையில் ஒரு குத்து கொடுத்தான். வாங்கிக்கொண்டேன், நியாயமான குத்து. பெண் மான்கள் படுத்த சாக்கால் அவனையும், அவன் படுத்த சாக்கால் புள்ளிமானையும் தேய்த்தோம். மூலையில் பழத்தை எடுத்துவிட்டு, கோபுரத்தைப் பழையபடி கட்டினேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கட்டிய ஒரே கட்டடம் அதுதான். உச்சிப்பொழுது நன்றாகச் சாய்ந்த பிறகு கதவைத் திறந்துவிட்டோம். மாப்பிள்ளை நேராக மூலைக்குப் போனான். மோந்தான். ரொம்ப நேரம் மோந்தான். பிறகு நிமிர்ந்து, கொம்பை முதுகில் சாய்த்துக்கொண்டு, அவனுடைய பழைய நடையில் பெண் மான்களிடம் போனான். அவை ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சுண்ணாம்பு சார் உள்ளே வந்தார். நேற்றைய ரத்தத்தின் மேல் மறுபடி வெள்ளை அடிக்க வாளியோடு வந்தவர், மூலையைப் பார்த்து வாளியைக் கீழே போட்டார். "யார்ரா இது! கழுவின பட்டியில மறுபடி சாணியக் கொட்டினது? காசிம்! நேத்து சொன்னதுக்குப் பழி வாங்கறியா?" வாசலில் இருந்த காசிம் பாயைக் கூப்பிட்டு நிறுத்தினார். காசிம் பாய் மூலையைப் பார்த்தார். மான்களும் கொக்கும் ஒன்றாக மேய்வதைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "யார் கொட்னாங்கன்னு தெர்யாது சார். ஆனா கொட்னவன் மூளைக்காரன்" என்றார். "மூளையா! அள்ளிக் கடல்ல கொட்டு. அப்படியே நீயும் வீட்டுக்குப் போ" என்று அவர் துடைப்பத்தை எடுத்து நீட்டினார். கன்னியம்மா என் முதுகில் புல்லுக்கட்டு அரிவாளின் பிடியால் ஒரு இடி இடித்தாள்.

"கொட்டினவனும் நான்தான் சார்," என்றேன். "நேத்து அள்ளினவனும் நான்தான். பாய் பொறுக்கினது சரி. மாப்பிள்ளைக்குப் பன்னீர் ஊத்தி, சந்தனம் பூசி, அவன் எடத்தக் கழுவிவிட்டது நான். பாய் வேணாம்னு கோடு போட்டிருந்தார். அதையும் கழுவிட்டேன்."

மயில் கூரையிலிருந்து இறங்கி நடுவில் நடந்து போயிற்று. அதே சமயம் மாப்பிள்ளை திரும்ப மூலைக்கு வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால், கோபுரத்தின் உச்சியில் தன் பங்கைச் சேர்த்துவிட்டுப் போனான். வாசலில் மோட்டார் ஹார்ன் கேட்டது. வெளிநாட்டு ஆள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். சுண்ணாம்பு சாருக்கு எதையும் அள்ள நேரம் இல்லை.

அந்த மனிதர் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பொழுது சாய்கிறவரை உட்கார்ந்தார். ஒரு கேள்விதான் கேட்டார்: மூலையைக் காட்டி, அது என்ன என்று. சுண்ணாம்பு சார் வேர்த்துப்போய் நிற்க, காசிம் பாய் முன்னால் வந்து, "அது அவன் வூட்டு வாசப்படி துரை. அது இருந்தா மத்தவங்க வூட்டுக்குள்ள பூரமாட்டான்" என்றார். சார் அதை இங்கிலீஷில் சொன்னார். சொல்லிவிட்டு, தான்தான் அதை அப்படியே விடச் சொன்னதாகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அந்த மனிதர் தன் நோட்டுப் புத்தகத்தில் பட்டியைப் படமாகப் போட்டு, அந்த மூலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். நான்கு ஜாதியும் தேறின.

அவர் போனதும் என்னை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். இதுதான் நான் மானத்தோடு உதறிவிட்டு வந்த கதை. வேலை போயிற்று, வேலி நின்றது. வெளியே போகும்போது காசிம் பாய் வாசலில் நின்றிருந்தார். சிரிக்கவில்லை. "ரெண்டு நாளா என் கப்பலத் திருடி வெச்சிருந்தியேடா" என்றார். அவர் சட்டைப் பையிலிருந்து அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். "இத்தப் புழிஞ்சி தலைல தேச்சிக் குளி. பித்தம் எறங்கும்." அப்போதுதான் அவர் மீசை லேசாக அசைந்தது. கப்பல் கிளம்பிய அன்று நானும் கன்னியம்மாவும் துறைமுகச் சுவர் ஓரம் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றோம். எல்லோரும் மேல்தளத்தில் கை அசைத்தார்கள். காசிம் பாய் மட்டும் அசைக்கவில்லை. கப்பல் நகர்ந்தபோது அவர் குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே நைனா, உன் நான்கு ஜாதியும் சரியான பொறுக்கல்தான். உன் மானும் இதற்குள் ஏதாவது ஒரு மூலையில் கோபுரம் கட்டியிருப்பான். பொறுக்கியதில் தப்பு வராது. திறப்பு விழாவில்தான் வரும். பெரிய மனிதர்கள் மாலையோடு வருவார்கள், பன்னீர் தெளிப்பார்கள், யாராவது ஒரு வாலு மான் கழுத்தில் மாலை போடலாம் என்பான். மேலே இருப்பவர்களிடம் போய்ப் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்: சுவரை வெள்ளை அடியுங்கள், பாதையைக் கழுவுங்கள், மூலை என்னுடைய பொறுப்பு. கேட்காவிட்டால் கரியால் ஒரு கோடு போட்டு அதன் மேல் நீயே போய் நில். அப்படியும் ஏதாவது தப்பு நடந்து, அது உன் தப்பாக இருந்தால், சரி பண்ணிவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காதே. முதலில் சொல், அப்புறம் சரி பண்ணு. எனக்கு அரிவாள் பிடியால் இடிக்க ஆள் இருந்தாள். உனக்கு இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதோடு ஒரு படத் தபால் அட்டை வைத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்த மூன்றாம் மாசம் காசிம் பாய் அனுப்பியது. இத்தனை வருஷம் என் பெட்டிக்குள் இருந்தது; இனி உன் ஆபீஸ் சுவரில் இருக்கட்டும். முன்பக்கம் அந்த ஊர்ப் பூங்காவின் படம்: பச்சைப் புல்வெளி, நம் மான்கள், கொக்கு, தூரத்தில் தொப்பி போட்ட ஜனங்கள். பின்பக்கம் அவர் கையெழுத்தில் இரண்டே வரி: "கால்ல ஒண்ணும் ஆவல, வவுத்துலதான் ஆச்சி. எல்லாரும் சௌக்கியம், மூலையத் தொடல." படத்தின் இடது கோடியில் கறுப்பாக ஒரு சின்ன மேடு தெரியும். அச்சுக் கோளாறு என்று நினைத்துவிடாதே.

உன் நைனா